ஐந்து ரூபாய்ச் சாப்பாடு

 

2013 ஜூலையில் மும்பையில் 12 ரூபாய்க்கு வயிறாரச் சாப்பிடலாம் என்றார் ஒரு காங்கிரஸ் எம்.பி. இன்னொருவர், டெல்லி ஜாமிஆ மஸ்ஜித் பக்கம் 5 ரூபாயே போதும் என்றார். 2019-ல் வெங்காயம் கிலோ நூறைத் தாண்டியபோது, தாம் வெங்காயம், பூண்டு அதிகம் சேர்க்காத குடும்பத்தவர் என்று மக்களவையில் சொன்னார் நிதியமைச்சர். நம் வீடுகளில் வெங்காயம் இல்லாமல் ஆணம் ஏது?

ஹிஜ்ரி 18-ல் பஞ்சம் வந்தபோது, மக்களுக்குக் கிடைக்கும்வரை உமர் (ரலி) அவர்கள் நெய்யைத் தொடவில்லை.

எம்.பி.க்களைப் பேசிச் சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் விதவைத் தாய்மார்களுக்கு நம் டிரஸ்ட் கொடுக்கும் மளிகைப் பணத்தை நாம் கடைசியாகக் கூட்டியது எப்போது? நான்கு ரமளானுக்கு முன்பு. அன்று தொகையை முடிவு செய்த நம்மில் ஒருவர்கூடக் கடைப்பக்கம் போய் விலை கேட்கவில்லை. போன மாதம் ஒரு தாய் மளிகைக்கடைச் சீட்டைக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அரிசி, பருப்பு, எண்ணெயோடு பணம் தீர்ந்திருந்தது. அவர் வீட்டில் நான்கு பிள்ளைகள்.

இந்த முறை விலைப்பட்டியலை அந்தத் தாய்மார்களே எழுதித் தரட்டும். அதைப் பார்த்தே தொகை போடுவோம். மாதச் சந்தா கொஞ்சம் கூடும். மனம் கோணாமல் கொடுங்கள்.