குளத்திற்கேற்ற மீன்களும் அவற்றின் கூட்டும்

(கமக்காரர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வடகீழ்ப் பருவமழையினால் நம் கிராமக் குளங்கள் நிரம்பிவிட்டன. வயலுக்கென்று தேக்கிய நீரில் மீன்குஞ்சும் விடலாம் என்பது உங்களுக்குப் புதிய செய்தியன்று. ஆயினும், எந்த மீனோடு எந்த மீனைச் சேர்த்து விடுவது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கிடைத்த குஞ்சை வாங்கி விடுகின்றோம். ஆவணியில் நீர் வற்றி வலையிடும்போது விரலளவு மீனே ஏறினால், குளத்தில் வளமில்லை என்று கூறிவிடுகின்றோம். பெரும்பாலும் குறை குளத்திலன்று, கூட்டிலேயே உள்ளது.

பட்டணங்களிற் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பிப் பவளப்பாறை மீன்களை வளர்ப்போர் உளர். அழகை மட்டும் பார்த்துச் சிங்கமீனை வாங்கி விட்டால், அது தன் வாய்க்கு அடங்கும் சிறுமீன்களை எல்லாம் விழுங்கிவிடும். ஆகையால் அறிந்தவர்கள் வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்பார்கள்: இது எதைத் தின்னும்? எவ்வளவு வளரும்? நீரில் எவ்விடத்தில் வாழும்? நமது குளத்திற்கும் இவை மூன்றுமே போதும்.

கட்லா மேல்நீரில் மேயும். நீரில் மிதக்கும் நுண்ணிய பிராணிகளே அதன் முதன்மையான இரை. ரோகு நடுநீரில் மேய்ந்து, பாசியையும் அழுகிய இலைதழைகளையும் உண்ணும். மிருகால் அடிச்சேற்றில் உள்ள மக்கிய பொருள்களைத் தின்னும். மூன்றும் ஒரே குளத்தில் இருந்தாலும் ஒன்றின் உணவில் மற்றொன்று பெரிதும் கைவைப்பதில்லை. ஒரே தோட்டத்தில் தென்னையும் வாழையும் இஞ்சியும் வைப்பதைப் போன்றது இது.

இப்பொழுது பெருந்தலைக் கெண்டையைப் பாருங்கள். சாதுவான மீன், எதையும் கடிக்காது. ஆனால் அதுவும் கட்லாவைப் போல் மேல்நீரின் நுண்பிராணிகளையே வடித்துண்பது. இரண்டையும் நிறைய விட்டால் இரண்டும் மெலியும். சண்டையிடாத மீன்களெல்லாம் ஒத்துப்போகும் மீன்கள் என்று எண்ணுவதுதான் நாம் விடும் பெரிய பிழை. பட்டினி போடுவதும் ஒருவகைப் பகையே. மிருகாலையும் சாதாரணக் கெண்டையையும் பற்றியும் இதையே கூறவேண்டும். இரண்டும் அடியில் மேய்வன. மேலும், சாதாரணக் கெண்டை சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும். ஆழமில்லாத குளமாயின் அதனைக் குறைத்தே விடுங்கள்.

புற்கெண்டை நீர்ப்பூண்டுகளைத் தின்று குளத்தைத் துப்புரவாக்கும். பூண்டு மண்டிய குளத்திற்குச் சில விடுவது நன்று. ஆனால் மதகு வழியே வயலுக்குள் இறங்கினால் அது இளம் நெற்பயிரையும் விடாது. மதகிற்கு வலைத்தட்டி இடாதவர்கள் அதனை நாடவேண்டாம்.

1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, வற்றாத பெருங்குளங்களில் ஏழை எளியோரின் கறியாகி நிலைத்துவிட்டது. அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை. எனினும், சிறு குளத்தில் அது சில மாதங்களிலேயே குஞ்சு பொரித்துப் பெருகி, இரையைப் பங்கிட்டு, எல்லாம் சிறுத்தே நிற்கும். கட்லா, ரோகு, மிருகால் ஆகியன தேங்கிய குளத்துநீரில் இனம் பெருக்குவதில்லை. விட்ட எண்ணிக்கைக்கு மேல் அவை கூடா. ஆகவே கணக்கு நம் கையில் இருக்கும்.

இனிப் பகைமீன்கள். விரால் விலையுள்ள மீன்தான். ஆனால் குஞ்சு விடும் குளத்தில் அதுவே கள்வன். காற்றைச் சுவாசிக்க வல்லதாகையால் வற்றிய குளத்தின் ஈரச் சேற்றிலும் உயிர் பிழைத்திருக்கும். மழைக்கு முன்னரே எஞ்சிய மடுக்களில் வலையிட்டு அதனைப் பிடித்துவிடுங்கள். குஞ்சும் இரண்டு அங்குலத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும். அதனினும் சிறியவை விராலுக்கும் நீர்க்காகத்திற்கும் நாம் இடும் இரையே.

மற்றுமொன்று. கண்ணாடித் தொட்டியில் அளவுக்குமேல் வளர்ந்த நன்னீர் மீன்களைச் சிலர் இரக்கத்தாற் குளத்தில் விட்டுவிடுகின்றனர். கத்திமீன் அவ்வாறு நம் நீர்நிலைகளிற் புகுந்து பிற மீன்களைத் தின்கின்றது. தொட்டி துப்புரவாக்கும் முள்தோல் மீனோ கரைகளைக் குடைந்து வளை தோண்டும். குளக்கட்டில் வளை விழுந்தால் நட்டம் மீனோடு நில்லாது. கட்டின் கீழுள்ள வயல் முழுவதற்கும் ஆபத்து. இவ்விரண்டில் எது வலையில் ஏறினாலும் திரும்பக் குளத்தில் விடாதீர்கள்.

எத்தனை குஞ்சு விடுவது? குளம் நிரம்பி நிற்கும் பரப்பைக் கொண்டு கணக்கிடவேண்டாம். அது மாதந்தோறும் சுருங்கும். அதிற் பாதியைக் கணக்கிற் கொண்டு, ஏக்கருக்கு ஏறக்குறைய 800 குஞ்சுகள் விடலாம். நிரம்பினால் 20 ஏக்கர் பரப்புள்ள குளத்திற்கு 8,000 குஞ்சுகள் ஆகும். அவற்றுள் மேல்நீர் மீன் 3,200, நடுநீர் மீன் 2,400, அடிநீர் மீன் 2,400 என்பது நல்ல தொடக்கம். மலிவாகக் கிடைக்கின்றதென்று ஓர் இனத்தையே 8,000 வாங்கவேண்டாம். நக்டா எனப்படும் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை தம்புள்ளை, உடவளவை, இங்கினியாகலை ஆகிய இடங்களில் மீனின வளர்ப்பு நிலையங்களை வைத்துள்ளது. குஞ்சு வேண்டுவோர் கமக்காரர் அமைப்பின் மூலம் முன்கூட்டியே கேட்டுவைத்தல் நன்று.

குளம் வான்பாய்வது நின்றபின், காலையிலோ மாலையிலோ குஞ்சு விடுங்கள். பையை அவிழ்க்குமுன் 15 நிமிடமாவது நீரில் மிதக்கவிட்டு, பின் குளத்துநீரைச் சிறிது சிறிதாகப் பையிற் சேர்த்து, குஞ்சுகள் தாமே நீந்தி வெளியேற விடவேண்டும். மருந்து தெளித்த கருவியைக் குளத்திற் கழுவுவதை அன்றுமுதல் நிறுத்திவிடுங்கள்.

விட்ட நாளையும் இனவாரியான எண்ணிக்கையையும் அமைப்பின் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஆவணியில் வலையிடும்போது ஒவ்வோர் இனத்திலும் பத்து மீனையாவது நிறுத்துப் பாருங்கள். மேல்நீர் மீன் மெலிந்து அடிநீர் மீன் கொழுத்திருந்தால், அடுத்த ஆண்டு மேல்நீர் மீனைக் குறைத்து அடிநீர் மீனைக் கூட்டி விடலாம்.