மருந்து டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

பத்தாவது படிச்சவ பூச்சியைப் பத்திப் பேசப் போறேன்னதும் எங்க குழுவுல சிரிச்சாங்க. சிரிக்கட்டும். நம்ம கடன் நோட்டைப் புரட்டி, "மருந்து செலவு"ன்னு எத்தனை வரி இருக்குன்னு எண்ணிப் பாருங்க, சிரிப்பு வராது.

ஹான்ஸ் ஹெரன்னு ஒருத்தர். சுவிட்சர்லாந்துக்காரர், விவசாயப் பண்ணையில வளர்ந்தவர். பூச்சிகளைப் பத்திப் படிச்சிட்டு 1979-ல ஆப்பிரிக்காவுல நைஜீரியா நாட்டுக்கு வேலைக்குப் போனார். நமக்குச் சாமை எப்படியோ அப்படி அங்க குச்சிக்கிழங்கு. சுமார் 20 கோடி பேர் அதை நம்பி இருந்தாங்க. அந்தச் செடியில வெள்ளை மாவுப்பூச்சி விழுந்து, குருத்து சுருண்டு, காடு காடா வீணாப் போயிட்டு இருந்தது.

குச்சிக்கிழங்கு தென் அமெரிக்காவுல இருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன பயிர். பூச்சியும் அங்க இருந்துதான் வந்திருக்கும். அப்போ அங்க மட்டும் ஏன் காடு அழியல? அதைத் தின்ன ஏதோ ஒண்ணு அங்க இருக்கணும். பூனையை விட்டுட்டு எலி மட்டும் புது வீட்டுக்கு வந்த மாதிரி. தேடினாங்க. 1981-ல பராகுவே நாட்டுல அந்தோணி பெல்லோட்டிங்கற விஞ்ஞானி அந்தப் பூச்சியைக் கண்டுபிடிச்சார். அதோட எதிரியும் அங்கேயே கிடைச்சது. ஒரு குளவி.

குளவின்னதும் பயப்படாதீங்க, நம்மளைக் கொட்டாது. கடுகு அளவுதான். பெண் குளவி மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்னு வளர்ந்து, பூச்சியை வெறும் கூடாக்கிட்டு ஓட்டை போட்டு வெளிய வரும். பயிரைத் தொடாது. அதையும் சும்மா நம்பிடல. இங்கிலாந்துல அடைச்சு வெச்சுச் சோதிச்ச பிறகுதான் ஆப்பிரிக்காவுல விட்டாங்க. அப்புறம் நிறைய வளர்த்து, விமானத்துல இருந்துகூட விட்டாங்க. விவசாயிங்க கையில இருந்து காசு போகல. 2 கோடி உயிர் பசியில இருந்து தப்பிச்சதுன்னு கணக்குச் சொல்றாங்க. 1995-ல அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தாங்க.

ஆப்பிரிக்கா கதை ஜவ்வாது மலைக்கு எதுக்குன்னு கேப்பீங்க. 2008-ல கோயம்புத்தூர்ல பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு எதையும் விடல. 2010-ல வெளிநாட்டுல இருந்து அதுக்கான குளவியைக் கொண்டுவந்து விட்டாங்க, அடங்கிச்சு. 2020-ல ஆப்பிரிக்காவை ஆட்டின அதே குச்சிக்கிழங்குப் பூச்சி கேரளாவுல தெரிஞ்சு, சேலம், நாமக்கல் பக்கமும் பரவிச்சு. ஹெரன் விட்ட அதே ஜாதிக் குளவியை ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுல இருந்து பெங்களூருக்கு வரவழைச்சு, 2022 மார்ச்ல சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர்ல விட்டாங்க.

எங்க கொல்லைப் பப்பாளியில மாவு படிஞ்சப்போ வீட்டுக்காரர் மருந்து டப்பாவோட வந்துட்டார். கொஞ்சம் இருங்கன்னு சொல்லி இலையைத் திருப்பிக் காட்டினேன். வெள்ளைக்கு நடுவுல பழுப்பா ஓட்டை விழுந்த கூடுங்க. குளவி ஏற்கெனவே வேலைக்கு வந்தாச்சு. அப்போ மருந்து அடிச்சா முதல்ல சாகறது அதுதான். நம்ம தேனீயும் சேர்ந்து சாகும். மலைத் தேனுக்குத்தானே கீழ நமக்குப் பேரு!

மருந்து கலக்கத் தண்ணி தூக்கறது யாரு? அடிச்சிட்டு வந்த சட்டையைத் துவைக்கறது யாரு? இதை ஆம்பளைங்க கணக்குல எழுத மாட்டாங்க.

குளவி எல்லாப் பூச்சியையும் அழிக்காது. அழிச்சா அதுக்குச் சோறு ஏது? கொஞ்சம் பூச்சி இருக்கத்தான் செய்யும், பலன் தெரியவும் மாசக்கணக்காகும். அவசரக்காரங்களுக்கு இது கஷ்டம்தான். செடியில எறும்பு ஏறினா கவனிங்க. மாவுப்பூச்சி விடற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதைக் காவல் காத்து, குளவியை விரட்டும்.

நான் கேக்கறது இதுதான். மருந்துக்குக் கடன் மனு வந்தா, குழுவுல ரெண்டு பேர் அந்தக் கொல்லைக்குப் போய் இலையைத் திருப்பிப் பார்த்துட்டு வரணும். கூடு இருந்தா பொறுக்கச் சொல்லணும். இல்லன்னா வேளாண்மை ஆபீசுக்கு இலையோட போகணும். கீழ இருந்து விதைக் குச்சி வாங்கறவங்க, மாவு ஒட்டின குச்சியை மலை ஏத்தாதீங்க. எங்க குழுவுல இதைத் தீர்மானமா எழுதிட்டோம். நோட்டு கொண்டு வந்திருக்கேன், வேணுங்கறவங்க பார்த்து எழுதிக்கலாம்.