அழையாத விளம்பரமும் இடம் மாறிய கேள்வியும்

பலர் கூடிப் பேசும் அவையில் தலைவர் ஒருவர் எதற்கு? பேச வந்தவரைத் தடுப்பதற்கு அன்று. ஒருவர் பேசுவது மற்றவர் செவியில் விழ வேண்டும் என்பதற்கே. நேயர்களே, கணினி வழியாகக் கூடும் இன்றைய அவைகளுக்கும் தலைவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு தொல்லைகள். ஒன்று, அழையாத விளம்பரம். மற்றொன்று, இடம் மாறி வந்த கேள்வி.

முன்னதன் வரலாறு பழையது. 1978ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்க அரசின் செலவில் ஆராய்ச்சிக்கென நடந்த ஆர்ப்பாநெட் வலையில், ஒரு கணினிக் கம்பெனியின் விற்பனையாளரான கேரி தூர்க் என்பவர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கண்டனம் எழுந்தது. ஆயினும் அதனால் நல்ல வியாபாரம் நடந்தது என்றே பின்னாளில் அவர் கூறினார். தொல்லையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1994ஆம் ஆண்டு ஏப்ரலில் கான்டர், சீகல் என்னும் வழக்கறிஞர் தம்பதியர், அமெரிக்கக் குடியேற்ற அனுமதிக் குலுக்கலைப் பற்றிய விளம்பரத்தை யூஸ்நெட் என்னும் உரையாடல் வலையின் ஆயிரக்கணக்கான குழுக்களில் தனித்தனியே இட்டனர். கணிதம் பேசச் சென்றவரும் அதையே கண்டார். தோட்டக்கலை பேசச் சென்றவரும் அதையே கண்டார். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்து, அவர்களுக்கு இணைப்பளித்த நிறுவனத்தின் கணினியே நிலைகுலைந்தது. அவ்விருவரோ வருந்தவில்லை, அம்முறையைப் பிறர்க்குக் கற்பிக்கும் நூலொன்றும் எழுதினர்!

அஞ்சலட்டைக்கு எழுதுபவர் காசு கொடுக்கிறார். இங்கோ ஒரு பிரதிக்கும் ஒரு லட்சம் பிரதிக்கும் அனுப்புவோர்க்குச் செலவு ஏறக்குறைய ஒன்றே. படிப்பவர் தம் நேரத்தால் அதன் விலையைச் செலுத்துகிறார். எனவே இத்தகைய விளம்பரத்தை ஒரு சொல்லும் கூறாது அகற்றுவதே தகும்.

கேள்வியைத் தவறான இடத்தில் கேட்டவர் அத்தகையவரா? விளம்பரக்காரர் மறுமொழிக்காகக் காத்திருப்பதில்லை, இவர் காத்திருக்கிறார். மொழி தெரியாத ஊரின் ரயில் நிலையத்தில் வேறொரு ஜன்னலில் நின்று சீட்டுக் கேட்டவர்கள் நம்மிடையே பலர் உண்டு. "அடுத்த ஜன்னல்" என்று ஒருவர் கை காட்டினால் போதும் அன்றோ?

2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, கணினி நிரல் எழுதுவோர் வினா விடுத்து விடை பெறும் தளம். பொருந்தாத கேள்விகளை அனுபவசாலிகள் வாக்களித்து மூடுவது அங்கே வழக்கம். அதனால் சிறந்த விடைக் களஞ்சியம் உருவாயிற்று. புதியவர் பலர் மனம் நொந்து விலகவும் செய்தனர். தன் தளம் புதியவரை நன்கு வரவேற்பதில்லை என்பதை 2018இல் அந்நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

2022 டிசம்பரில் பழைய தொல்லை புது வேடம் பூண்டது. சாட்ஜிபிடி என்னும் செயற்கை அறிவு நொடியில் எழுதித் தரும் விடைகளைப் பலர் அங்கே கொட்டினர். அவை பார்வைக்குச் சரியானவை; பல தவறானவை. எழுத நொடி போதும், சரிபார்க்கவோ நெடுநேரம் வேண்டும். ஆகவே அவற்றுக்குத் தடை விதித்தனர். அவற்றை நீக்கும் உரிமையை நிறுவனம் குறுக்கியபோது, 2023 ஜூனில் மேற்பார்வையாளர் பலர் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியமே பெறாதவர்களின் வேலைநிறுத்தம் அது! பேச்சுவார்த்தைக்குப் பின் ஆகஸ்டில் அது முடிவுற்றது.