ஆட்டுத்தோலும் அயல்நாட்டுச் சட்டமும்

ஆலங்காயத்து வெள்ளாட்டின் தோல் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புகள் வழியாக, ஷூவாகி ஜெர்மனி வரை போகக்கூடிய சரக்கு. வழியில் இரண்டு நாட்டுச் சட்டம் நிற்கிறது.

நம்முடைய சட்டம் வெளியே போகும் வாசலில். பச்சைத் தோலை அப்படியே கப்பலேற்ற 1973-இல் தடை வந்தது. வேலையும் கூலியும் இங்கேயே தங்கட்டும் என்பது நோக்கம். நல்லதுதான். ஆனால் ஆவாரம்பட்டை குறைந்து குரோமியம் பெருகியதும் அதற்குப் பிறகுதான்.

ஜெர்மனியின் சட்டம் உள்ளே வரும் வாசலில். தோலில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் போட்டுவந்த பென்டாகுளோரோபீனால், கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாதென்று 1989-இல் விதித்தார்கள். 2015 முதல் ஐரோப்பிய ஒன்றியம், உடம்பில் படுகிற தோல் பொருளில் நச்சுக் குரோமியத்துக்கு 3 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியது. ஷூ போடுகிறவர் காலுக்குக் காவல் ஆயிற்று. பாலாற்றுக் கிணற்றுக்கு? அதை இந்த இரண்டு வாசலிலும் யாரும் கேட்கவில்லை. கேட்டது நம் உச்ச நீதிமன்றம்: அசுத்தம் செய்தவரே ஈடு கொடுத்து நிலத்தையும் சீர்செய்ய வேண்டுமென்று 1996-இல் தீர்ப்புச் சொன்னது.

தோல் ஷாப்புப் பக்கம் கிணறு வைத்திருப்பவர்கள், நடவுக்கு முன்பே மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரைக் கொடுத்து உப்பளவு பார்த்துவிடுங்கள். உப்பு மிகுந்திருந்தால் நெல் வேண்டாம். பருத்தி ஓரளவு தாங்கும்.