முதலீற்றுப் பசுவின் மடியைக் காப்போம்

(கொஸ்லந்தையில் கமக்காரர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நெல்லும் மரக்கறியும் பயிரிடும் நமக்கு மாட்டைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். போஞ்சிக்கும் கோவாவுக்கும் நாம் இடும் எரு தொழுவத்திலிருந்தே வருகிறது. வயலில் எஞ்சும் வைக்கோல் அத்தொழுவத்திற்கே செல்கிறது. மழை பிந்திப் பயிர் பொய்த்த காலத்திலும், தோட்டத்து லயங்களில் வேலை குறைந்த காலத்திலும், பாற்பணமே பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கிறது. ஆதலால் பசுவின் மடி கெடுமாயின் வீட்டின் வருவாயும் உடன் கெடும்.

மடியின் அமைப்பு

மடியில் நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியே பால் சுரப்பது. ஒன்றின் பால் மற்றொன்றிற்குச் செல்லாது. முதலீற்றிலே ஒரு பகுதி நோயால் இறுகிப் போனால், அப்பகுதி பெரும்பாலும் மீள்வதில்லை. நாளொன்றுக்கு 8 லீற்றர் தரும் பசு அதனால் ஏறக்குறைய 2 லீற்றரை இழக்கும். 300 நாட் கறவையில் இது 600 லீற்றர். அடுத்தடுத்த ஈற்றுகளிலும் இந்நட்டம் தொடரும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாகுப் பருவத்திலே கவனம்

ஈன்ற பின்னரே மடியைப் பேண வேண்டும் என்பது தவறு. பருவமடையுமுன் நாகுக்கு அளவு மீறித் தீனியிட்டுக் கொழுக்க வைத்தால், பாற்சுரப்பிகள் வளர வேண்டிய இடத்தைக் கொழுப்புப் பிடித்துக்கொள்ளும். பட்டினியிட்டாலோ உடலே வளராது. வைக்கோல் மட்டும் போதாது. கினிப்புல், கிளிரிசிடியா இலை, சிறிது தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு ஆகியவற்றை அளவோடு கொடுங்கள். மருந்து தெளித்த மரக்கறிப் பாத்தியின் புல்லை அறுத்துப் போடலாகாது.

கன்றுகள் ஒன்றின் மடியை மற்றொன்று சப்பும் பழக்கத்தைத் தடுத்தல் வேண்டும். நோயுற்ற மடியின் பாலைக் கன்றுக்கு ஊட்டவும் கூடாது. காம்பு நுனியை மொய்க்கும் ஈக்களும் நாகுகளுக்கு நோயைக் கொண்டு வருவன. எனவே சாணத்தை நாள்தோறும் அகற்றி எருக்குழியில் இடுங்கள்.

ஈனுவதற்குச் சில நாட்களின் முன் மடி பருத்து இறுகுவது முதலீற்றில் இயல்பே. விரலால் அழுத்தினால் குழி விழும். கடும் சூடோ நோவோ இராது. ஈன்றபின் அது மெல்ல வடியும். மடி சிவந்து, சூடேறி, தொட்டால் பசு உதைக்குமாயின் அது நோய்.

கறக்கும் முறை

மடியைத் தடவியதும் பசுவின் மூளையடியிலிருந்து ஓர் ஊக்குநீர் இரத்தத்திற் கலந்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்திலே பாலை இறக்குகிறது. அதன் வேகம் சில நிமிடங்களே நிற்கும். அதட்டினாலும் அடித்தாலும் பசு பாலை அடக்கிக்கொள்ளும். புதிதாய் ஈன்ற இளம்பசு அஞ்சும் இயல்பினது; ஆகையால் ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே அதனைக் கறவைக் கொட்டிலுக்குப் பழக்குங்கள்.

கறப்பவர் கீழ்வருவனவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும்:

1. சவர்க்காரமிட்டுக் கைகழுவி, காம்புகளைத் தூய நீரால் கழுவி, உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒரு பசுவின் துணியை மற்றதற்கு எடுக்காதீர்கள்.

2. முதற் பீச்சுகளைக் கரிய துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திரி, கட்டி, நீர்த்தன்மை, இரத்தம் தென்பட்டால் நோய் உண்டு.

3. பெருவிரலை மடித்து இழுக்காமல், முழுக்கையால் அழுத்திக் கறவுங்கள்.

4. இளம்பசுக்களை முதலிலும், நோயுற்றவற்றை இறுதியிலும் கறவுங்கள்.

5. கறந்ததும் காம்புகளை அயடீன் மருந்து நீரில் தோயுங்கள். காம்புத் துளை மூட அரைமணி நேரமேனும் ஆகும்; அதுவரை பசு படுக்காதிருக்கப் புல் வையுங்கள்.

மறைந்திருக்கும் நோய்

மடி வீங்காமல், பாலும் வெண்மையாகவே இருக்க, உள்ளே நோய் வளர்வதும் உண்டு. பால் குறைவது ஒன்றே அதன் அடையாளம். இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். அரை லீற்றர் நீரில் 15 கிராம் சலவைத் தூளைக் கரையுங்கள். ஒவ்வொரு காம்பின் பாலையும் வெவ்வேறு கிண்ணத்தில் எடுத்து, சம அளவு கரைசல் சேர்த்துச் சுழற்றுங்கள். பால் கூழ்போல் தடித்தால் அப்பகுதியில் நோய் உண்டு. சோதித்த பாலைக் கொட்டிவிடுங்கள்.

நோய் கண்டால் தாமதியாது அரச கால்நடை வைத்தியரை அழையுங்கள். காம்புத் துளையில் ஈர்க்கையோ புல்லையோ நுழைப்பது பெருங்கேடு. மருந்து ஏற்றிய பசுவின் பாலை, வைத்தியர் சொல்லும் நாட்கள் கழியும் வரை விற்கவோ குடிக்கவோ கூடாது.

தொழுவம்

வடகீழ்ப் பருவமழையின்போது இச்சரிவுகளில் தொழுவம் சேறாகும். சேற்றிற் படுக்கும் பசுவின் மடி நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும். தரையை மேடாக்கிக் கல் பதித்து, கழுவுநீர் வாய்க்கால் வழியே ஓடச் செய்யுங்கள். நீரைச் சரிவிலே ஊறவிடுவது பசுவிற்கு மட்டுமன்றி வீட்டிற்கும் தீங்கு. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண்சரிவைக் கண்ட இவ்வூராருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பெரியோர்களே, நமது நாடு இன்றும் பெருந்தொகைப் பணத்தைப் பாற்பொடிக்காக வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. அதனைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று உங்கள் தொழுவத்திலேயே உள்ளது. தூய நீர், தூய துணி, மூன்று நிமிடச் சோதனை ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். நாளைக் காலைக் கறவையிலேயே நான்கு காம்புகளையும் சோதித்துப் பார்ப்பீர்களாக.