முதிராமல் நிற்கும் கலங்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டிய சுகாதாரக் கருத்தரங்கில் பழைய மாணவிகள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)



உயர்தரத்தில் உயிரியல் படித்த எங்கள் வகுப்பில் பதினேழு பேர். இன்று பதினாறு பேர் இருக்கிறோம். பதினேழாமவளுக்குச் சூலகப் புற்றுநோய். வயிறு ஊதுகிறது, இரண்டு பிடி சோற்றோடு நிரம்பிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டே மாதக்கணக்கில் வாய்வு மாத்திரை போட்டாள். ஸ்கான் எடுத்தபோது வயிற்றில் நீர் கட்டியிருந்தது. அந்த நீருக்குள் நடப்பதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

என்பு மச்சையில் பிறக்கும் சில வெண்குழியங்கள் இழையங்களுக்குள் சென்று கிளைக் கலங்களாகின்றன. 1973 இல் நியூயோர்க்கில் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் இவற்றை இனங்கண்டார்கள். இளம் கிளைக் கலம் அந்நியப் பொருளை விழுங்கும். ஆபத்தை உணர்ந்தால் முதிரும். முதிர்ந்ததும் நிணநீர்க் கணுவுக்குப் போய், விழுங்கியதன் துண்டை ரி கலங்களுக்குக் காட்டும். கூடவே, தாக்கு என்ற இரண்டாவது சைகையையும் கொடுக்கும். முதிராத கலம் துண்டை மட்டும் காட்டினால் ரி கலம் தாக்காது. பகையோடு ஒத்துப்போகவே பழகிவிடும்.

சூலகக் கட்டி இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. அது சுரக்கும் வி.ஈ.ஜி.எவ். என்ற புரதம் கட்டிக்குப் புதிய குருதிக் குழாய்களை வளர்க்கிறது. அதுவே கிளைக் கலங்களின் முதிர்ச்சியையும் தடுக்கிறது. இன்டர்லியூக்கின் 10 உம் அதற்குத் துணை. வயிற்று நீரில் கலங்கள் இருக்கின்றன, முதிர்ந்தவை அரிது.

இது ஆய்வுகூடச் சங்கதி மட்டுமல்ல. 186 கட்டி மாதிரிகளை ஆராய்ந்து 2003 இல் வெளியான ஆய்வில், கட்டிக்குள் ரி கலங்கள் புகுந்திருந்த பெண்களில் 38 வீதத்தினர் ஐந்தாண்டுகள் வாழ்ந்தனர். புகாதவர்களில் 4.5 வீதத்தினரே.

நோயாளியின் குருதியிலிருந்து கலங்களை எடுத்து, வெளியே முதிரவைத்து, மீண்டும் உடலில் செலுத்தும் முயற்சிகள் நடக்கின்றன. ஸ்டைன்மன் தமக்குக் கணையப் புற்று வந்தபோது தம் கலங்களிலேயே இதைச் செய்துபார்த்தார். 2011 இல் அவர் காலமாகி மூன்றாம் நாள், அது தெரியாமலே நோபல் பரிசை அறிவித்தார்கள். சூலகப் புற்றுக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. யாராவது காசுக்கு விற்க வந்தால் நம்பாதீர்கள்.

சுகவனிதையர் கிளினிக்கில் செய்யும் பாப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கானது. சூலகத்தை அது காட்டாது. பிரித்தானியாவில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெரும் ஆய்வில், அறிகுறியே இல்லாதவர்களுக்குக் குருதிப் பரிசோதனையும் ஸ்கானும் செய்தது இறப்பைக் குறைக்கவில்லை என 2021 இல் தெரிந்தது. ஆகவே அறிகுறிகளைக் கவனிக்கத்தான் வேண்டும்: வயிறு ஊதல், விரைவில் நிரம்புதல், அடிவயிற்று நோ, அடிக்கடி சிறுநீர் போதல். இவை புதிதாக வந்து வாரக்கணக்கில் விடாமலிருந்தால் வைத்தியரிடம் போங்கள். தாய்வழியிலோ தந்தைவழியிலோ மார்பகப் புற்றோ சூலகப் புற்றோ யாருக்கும் வந்திருந்தால் கேட்காமலே சொல்லுங்கள். எங்கள் தோழி, தன் சின்னம்மாவுக்கும் இதே நோய் இருந்ததைக் கடைசி மாதத்தில்தான் எங்களுக்குச் சொன்னாள்.