விளக்கொளியில் ஒரு முகம்



சில ஆண்டுகட்கு முன், கார்த்திகைத் திருநாளன்று என் அன்னையார் இல்லத்தில் விளக்கேற்றினார். யான் எடுத்த படத்தில் அவர் முகம் அசைவால் கலங்கிற்று. பிளாஷ் விளக்கைக் கொண்டு மீண்டும் எடுத்தேன். முகம் தெரிந்தது, அகல் விளக்கின் பொன்னொளி மறைந்தது. அடுத்த கார்த்திகைக்கு அன்னையார் இல்லை.

பிழை என் அறியாமையே. காமிராவுடன் வரும் 18–55 மி.மீ. சூம் லென்ஸ் பெரும்பாலும் 55இல் எஃப் 5.6 அளவே திறக்கும். எஃப் 1.8 வரை திறக்கும் பிரைம் லென்ஸோ ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை ஏற்கும். 1/12 வினாடி வேண்டிய இடத்தில் 1/125 வினாடி போதும், அசைவு படியாது.

எதனை வாங்குவது? 50 மி.மீ. விலை மலிவு. ஆயினும் ஏ.பி.எஸ்.-சி காமிராவில் அது 75 அல்லது 80 மி.மீ. போன்று பார்வையைக் குறுக்கும். நம் காலனி வீட்டுக் கூடத்தில் பின்னே நகரச் சுவர் இடந்தராது. ஆங்கு 35 மி.மீ. ஏற்றது. எஃப் 1.4 தரும் கூடுதல் ஒளி ஒன்றரை மடங்கிற்குச் சற்று மேலே. அதற்கெனப் பெரும்பொருள் செலவிட வேண்டா.

முழுத் திறப்பில் தெளிவின் ஆழம் சிறிது. ஆதலின் அருகிலுள்ள கண்ணிலே குவியம் வையுங்கள். குடும்பத்தார் இரு வரிசையாக நிற்பின் எஃப் 4க்குக் குறையுங்கள்.

லென்ஸ் வரட்டும் என்று காத்திராதீர்கள். நாளைக் காலையே வீட்டு முதியோரைச் சன்னலருகே அமர்த்துங்கள்; பகலொளி போதும்.